கழித்தல் குறியை ஏற்காத கட்டம்

பிப்ரவரியில் ஒருமுறை, மே கடைசியில் ஒருமுறை.
நடுவே பதினான்கு வியாழக்கிழமைகள்.
அதற்குள் ஓர் ஆள் எவ்வளவு நகர்ந்தார் என்று
நான் அளந்து அனுப்ப வேண்டும்.
இதற்குத்தான் நியூஃபவுண்ட்லாந்தின் பியூரின் கரைவரைக்கும்
உப்பும் பனியும் அப்பிய காரில் வந்துபோகிறேன்.

வேரா ஹாலெட். வயது ஐம்பத்தேழு.
இருபத்தாறு வருடம் மீன் ஆலையில்
காட் மீனின் முள்ளை ஒட்டிக் கத்தி ஓட்டியவர்.
ஆலையை மூடிய கையோடு அரசாங்கம் அவருக்கு
ஒரு நாற்காலியும் ஒரு மவுஸும் கொடுத்தது.
"இதுக்கு எடையே இல்லையே" என்றார் முதல் நாள்,
உள்ளங்கையில் அதைத் தூக்கிப் பார்த்து.

முன்தேர்வில் நாற்பதுக்குப் பதினேழு.
ஒன்றும் தெரியாது, பயமும் தெரியாது.
திரை கேட்ட இடத்திலெல்லாம் 'சரி'யை அழுத்தினார்;
பாதி, தானாகவே சரியாயிற்று.
உங்கள் தன்னம்பிக்கை, ஒன்று முதல் ஐந்துவரை?
ஐந்து. தயங்கவே இல்லை.

பின்தேர்வில் பதினைந்து.

மறுபடி கூட்டினேன். பதினைந்துதான்.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்;
இங்கே ஏறிய சாணையே காணோம்.

விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
கேள்வி இருபத்திரண்டு: மின்னஞ்சலோடு வந்த கோப்பைத் திறக்கவும்.
திறக்கவில்லை.
கீழே, ஒற்றை விரலால் தட்டியது:
'அனுப்பினது யாருன்னு தெரியலை.
மார்ச்சுல என் தங்கச்சி புருஷன்
இப்படி ஒண்ணைத் திறந்துதான் நானூறு டாலர் விட்டான்.'
கேள்வி முப்பத்தொன்று: பிறந்த தேதியை நிரப்பவும்.
'எதுக்கு?'

தன்னம்பிக்கை: இரண்டு.

விடைத்திறவைக் கேட்டால்
பூஜ்யம், பூஜ்யம் என்கிறது.
அதை எழுதியவர் நானூறு டாலர் தொலைத்ததில்லை போலும்.

அறிக்கையில் 'முன்னேற்றம்' என்றொரு கட்டம்.
கழித்தல் இரண்டு என்று அடித்தேன். சிவந்தது.
அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்,
இந்தத் தடவை மெதுவாக,
அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல.
சிவந்தது.

நடையில் வேரா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.
"பாஸா?"
"அந்த ரெண்டு கேள்வியிலயும் நீங்கதான் சரி" என்றேன்.
அவர் முகம் மாறவில்லை.
"சீட்டுக் கிடைச்சாத்தான் செப்டம்பர்வரை படி வரும்.
அதைச் சொல்லு."

சீட்டுக்குக் குறைந்தது நான்கு வேண்டும்.

அவர் போன பிறகு ஹீட்டர் சத்தம் மட்டும்.
பதினோரு நாற்காலிகள், பதினோரு மவுஸ்கள்,
ஒன்றின் மேல் மட்டும் மெல்லிய மீன்கத்தி உறைபோல
யாரோ பின்னிய கம்பளிச் சட்டை.
குறிப்புகளுக்கு என்று இருந்த இடத்தில்
அவருடைய விடைகளை அப்படியே ஒட்டப் பார்த்தேன்.
இடம் பற்றவில்லை.
'எதுக்கு?' மட்டும் பொருந்தியது. அதையும் எடுத்துவிட்டேன்.

கட்டத்தில் நான்கு என்று போட்டேன்.
பச்சையாயிற்று.

மேலே தந்தவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறீர்களா,
என்று கேட்டது திரை.

சரி.
தயங்கவே இல்லை.