அங்கன

செவ்வாய்தோறும் மூன்றரை மணிக்கு
மொட்டைமாடித் தண்ணித்தொட்டி நிழலில்
எனக்குக் குரூப் நாலு வகுப்பு.
அத்தை அப்படித்தான் நம்புகிறாள்.
கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள்:
'முப்புடாதி பரிட்சைக்குப் படிக்கா.'

செல்போனுக்குள், கோயம்புத்தூரிலிருந்து,
கோகிலவாணி மேடம் முதல் நாள் கேட்டார்:
எங்கே வலிக்குதுங்க?

எனக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்.
ஒன்று, குழாயடியில் குடத்தோடு குடம் மோதும்போது
ஒருத்தி தாயை ஒருத்தி இழுக்கும் சொல்.
மற்றது, பத்தாம் வகுப்பில்
'வீட்ல வாசிச்சிக்கிடுங்க' என்று
டீச்சர் புரட்டிவிட்ட பக்கத்தில் இருந்தது.

'அங்கன' என்றேன்.
'அங்கன வலிக்கி.'
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் நாலு மாசம்.
ஜங்ஷன் பக்கத்து டாக்டரம்மா
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
ஒண்ணுமில்ல, கொஞ்சம் பொறுத்துக்கிடணும்.
பொறுத்தேன்.
கன்னடியன் கால்வாயில் மதகு இறங்குகிறது போல
உடம்பு அடைத்துக்கொண்டது.
இறக்கியது நானில்லை.

அது பயந்துபோன தசைங்க, என்றார் மேடம்,
பிடிவாதமில்லை.
மூச்சை அடிவயிறு வரைக்கும் அனுப்புங்க.
வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?
ஒன்பது.
அடுத்த வாரமும் ஒன்பது.
நாலாவது வாரம் எட்டு என்றது
பக்கத்து வீட்டு மோட்டார் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.
எட்டு, எட்டு என்று கத்தினேன்.
கீழே அத்தை யாரிடமோ சொன்னாள்:
'கணக்குப் போடுதா.'

பிறகொரு செவ்வாயில் அவரையும் கூட்டிவரச் சொன்னார்.
லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார் ஆவுடையப்பன்.
திரையில் அவருக்குப் பாதித் தோள், ஒரு காது,
பின்னால் காய்கிற என் பாவாடை.
உங்களுக்கு எது கஷ்டமா இருக்குங்க?
தொட்டிக் குழாய் சொட்டியது.
நெடுநேரம் அது மட்டும்தான்.
'அவ பல்லக் கடிக்க சத்தம், மேடம்.
இருட்டுல வேற ஒண்ணும் கேக்காது.'

கேட்டிருக்கிறார்.
இரண்டு வருஷமும் கேட்டிருக்கிறார்.
அழுகை வந்தது எனக்கு,
அதற்கு முன்னால் கோபம் வந்தது.
அந்நேரம் பார்த்து நெட் போய்
மேடத்தின் முகம் வாய் திறந்தபடி நின்றது.
நாங்கள் இரண்டு பேரும்
அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்ப வந்து கேட்டார்:
இப்ப அங்கன எப்படி இருக்குங்க?
கொங்கு நாக்கில் என் சொல்
லேசாக இழுபட்டது.
வசவாக இல்லை, பாடமாக இல்லை,
வீட்டில் ஒரு ஆளை விசாரிப்பது போல.

இன்றைக்கு ஆறு.
சுக்குக் காப்பியோடு படியேறி வந்த அத்தை
மூச்சு வாங்கிக்கொண்டு கேட்கிறாள்:
'எப்பம்ளா பரிட்சை?'

'இன்னும் தேதி போடல, அத்தே.'