இருபத்தைந்து மீட்டர் நாடா

ஷெட்லாந்தில் மே மாதம். தண்ணீர் எட்டு டிகிரி.
உலர் உடையின் ரப்பர் கழுத்துக்குள்
தலையை முட்டி முட்டி வெளியே எடுக்கையில்
எல்லோருக்கும் பிறந்துவரும் குழந்தையின் முகம்தான்.
லௌரியின் முதுகு ஜிப்பை நான் இழுத்து மூடினேன்.
அவன் என் காற்று உருளையின் முள்ளைப் பார்த்து
"இருநூற்றுப் பத்து" என்றான்.
பத்து மாதத்தில் என் தம்பி என்னிடம் பேசியது
அந்த எண் மட்டும்.

அப்பாவின் வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை
வக்கீல்கள் பேசிக்கொள்கிறார்கள்.
கணக்கெடுப்பு விதி அதைவிடக் கறார்:
போன ஆண்டின் ஜோடியே இந்த ஆண்டும்.
கண் மாறினால் கணக்கு மாறிவிடுமாம்.

படகு விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்தோம்.
குளிர் முதலில் உதட்டைத்தான் தேடி வரும்.
பிறகு நெற்றி. கொஞ்ச நேரத்தில்
உதடென்று ஒன்று இருந்ததே மறந்துபோகும்.

கெல்ப் காட்டைத் தாண்டி, பதினெட்டு மீட்டரில்,
அவன் நாடாவின் நுனியைக் கல்லில் கட்டினான்.
நான் சுருளை அவிழ்த்தபடி நீந்தினேன்.
இந்தப் பக்கம் ஒரு மீட்டர் அகலம் எனக்கு,
அந்தப் பக்கம் ஒரு மீட்டர் அவனுக்கு.
பாகப்பிரிவினை இவ்வளவு சுலபம்.

பலகையில் பென்சில் நனைந்தும் எழுதும்.
குதிரைச் சிப்பி, உயிருடன், நாற்பத்தொன்று.
வெற்று ஓடு பதினாறு.
நொறுங்கு நட்சத்திரங்களை எண்ண முடியாது, சதவீதம் போடு.
செத்தவன் விரல் என்று யாரோ பெயர் வைத்த வெள்ளைப் பவளம்
எல்லா விரலும் மலர்ந்து இரை தேடிக்கொண்டிருந்தது.
விசிறிச் சிப்பி: பூஜ்யம்.
கட்டத்தை வெறுமையாய் விடக் கூடாது.
வெறுமை என்றால் நீ பார்க்கவில்லை.
பூஜ்யம் என்றால்
பார்த்தாய், இல்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகும்:
நலமா?
வட்டம் காட்டினால், நலம்.
நாற்பது நிமிடத்தில் எட்டு முறை கேட்டான்.
எட்டு முறையும் சொன்னேன்.
அதுவும் விதிதான், வேறொன்றும் இல்லை.

பத்தொன்பதாவது மீட்டரில் அவன் டார்ச் ஆடியது.
செங்கல் நிறத்தில், உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக
ஓர் ஆண் மீன்.
வயிற்றால் பாறையைக் கவ்விக்கொண்டு
முட்டைத் திரளுக்கு வாயால் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தது.
முட்டையிட்டவள் என்றோ ஆழத்துக்குப் போய்விட்டாள்.
வெளிச்சம் பட்டும் நகரவில்லை.
நாடா அதன் முதுகுக்கு நேர் மேலே ஓடியது.

அவன் என்னைக் காட்டினான்.
நான் அவனைக் காட்டினேன்.
சிரித்தால் முகமூடியின் ஓரம் விலகித்
தண்ணீர் உள்ளே வரும்.
அவனுக்கு வந்தது.

கட்டைவிரலை உயர்த்தினான்.
கீழே அதற்கு சபாஷ் என்று அர்த்தமில்லை,
மேலே போகலாம் என்று அர்த்தம்.

படகில் தேநீர். மரத்த உதட்டில் பாதி ஒழுகியது.
ஓஸ்லா இரண்டு பலகைகளையும் வாங்கிப் படித்தாள்.
அந்த மீனின் கட்டத்தில்
என்னுடையதில் பூஜ்யம்.
அவனுடையதிலும் பூஜ்யம்.
"ஒன்றுகூடவா இல்லை?"
"ஒன்று" என்றோம், இருவரும், ஒரே நேரத்தில்.
"யார் பக்கம்?" ரப்பரை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

லௌரி கோப்பைக்குள் பார்த்தான்.
நான் கையுறையைப் பிழிந்தேன்.
அதற்குள் இத்தனை தண்ணீரா.