இரண்டு விசில்

கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை
பதினோரு தப்படி. மூன்று ஸ்டேஜ்.
பீரோக் கைப்பிடி, கதவு நிலை, ஃப்ரிட்ஜ்.
பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே
பிடிக்க எதுவுமில்லாத நாலு அடி.
அங்கேதான் பயம்.

பதினாறு வருஷம்
பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடையே
கம்பியைத் தொடாமல் நின்றவன்.
பழங்காநத்தம் வளைவில் பஸ்ஸே சாயும்.
நான் சாயாமல் ஐநூறுக்குச் சில்லறை எண்ணுவேன்.

முதலில் போனது இடது செருப்பு.
போனதே தெரியவில்லை.
ஒரு பள்ளிக்கூடப் பெண்தான் சொன்னாள்,
"அண்ணே, ஒரு கால் வெறுங்காலு."
அப்புறம் விரல். நோட்டு ஒன்றா இரண்டா என்று
அது சொல்வதை நிறுத்திக்கொண்டது.
ஒரு சனிக்கிழமை, ஆண்டாள்புரம் தாண்டி,
யார் மடியிலோ விழுந்தேன்.
பட்டப்பகலில் குடித்திருக்கிறான் என்று புகார்.
டிப்போவில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன்.
இல்லை என்றது கருவி.
கருவியை யாரும் நம்பவில்லை.

ஒயர் மேலிருக்கும் ரப்பர் உரிகிறது,
உரிப்பதும் உங்கள் உடம்புதான் என்றார் டாக்டர்.
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.
சுந்தரவள்ளி எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு
சொந்தக்காரர்களுக்கு "நரம்புல கோளாறு" என்று சுருக்கினாள்.
ஆப்பிளோடு வந்தார்கள்.
"ஆளு நல்லாத்தானப்பா இருக்க."
அடுத்த வருஷம் ஆப்பிள் இல்லை.
அதற்கடுத்து ஆளும் இல்லை.

இப்போது சித்திரை.
வெயில் ஏற ஏற வலது கண்ணில் நிறம் கழன்றுவிடும்,
சிவப்பு வாளி வெளுத்த துணி மாதிரி.
கழுத்தில் ஈரத்துண்டு.
தலை குனிந்தால் முதுகில் மின்சாரம் இறங்குகிறது,
அதனால் தட்டை நெஞ்சு வரை தூக்கித்தான் சாப்பாடு.
எட்டேகாலுக்குக் கப்பலூர் கம்பெனிக்குப் போகிறவள்
வர ஏழாகும்.
பதினொன்றரைக்கு ஜெயவீரன் வண்டி பசுமலை மேடு ஏறும்.
இரண்டு குட்டை, ஒரு நெட்டை, எனக்கென்று ஒரு ஹாரன்.
பகலில் என்னோடு பேசுவது அது ஒன்றுதான்.

என் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள்.
விழுந்தால் ஊது,
எதிரே அயர்ன் வண்டி அழகுமலை வந்துவிடுவார்.

நேற்று அந்த நாலு அடியில் விழுந்தேன்.
ஊதவில்லை.
சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது.
கன்னத்தை வைத்தேன்.
சுகமாக இருந்ததென்று சொன்னால் அடிப்பாள்.

கட்டிலுக்கு அடியில், சுவரோரம்
ஓர் அஞ்சு ரூபாய்.
பையைக் கொட்டி எண்ணிய ஏதோ ராத்திரி உருண்டது.
யாருக்குத் தரவேண்டிய பாக்கியோ.
கையை நீட்டினேன், எட்டவில்லை.
நகர்ந்தேன். நீட்டினேன்.
தொட்டுவிட்டேனா என்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது வந்தது ஹாரன்.
படுத்தபடியே விசிலை வாயில் வைத்தேன்.
ஒன்று ஊதினால் நிற்கணும்.
இரண்டு ஊதினேன்.
ரைட், போகலாம்.

அழகுமலைக்கு
ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.
கரிக்கையோடு ஓடி வந்து நிற்கிறார்.