வெயிலுக்குச் சம்பளம் இல்லை

வெள்ளைத் தாள் கேட்டேன்.
ஷஹீதுல் நீட்டியது சிமெண்ட் வாங்கிய பில்,
பின்பக்கம் வெள்ளை.
ராஸ்கிச் செடியின் ஒரு கிளையை அதன்மேல் வளைத்து
விரலால் மூன்று தட்டு.
தூசி விழுந்தது.
கொஞ்சம் பொறு என்றேன்.
தூசி நடக்க ஆரம்பித்தது.

கட்டைவிரலால் தேய்த்தால் செங்கோடு.
சிவப்புச் சிலந்திப் பேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும்
ஒற்றையாய் இருந்தால் தெரியாது.
போன வாரம் ஷமால் காற்று
புதைய்யா சாலை முழுக்கப் புழுதி கொட்டிப் போனது,
அதன் அடியில் சுகமாகப் பெருகி
இலைகளை நரைக்க வைத்துவிட்டன.

கந்தகம் இருக்கிறது, அரை மூட்டை.
வெயில் ஏறியபின் அடித்தால் இலை கருகும் என்று
மூட்டையிலேயே எழுதியிருக்கிறது.
பஹ்ரைனின் ஜூனில் வெயில் எப்போது இறங்கியது?
அதனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து
வெறும் தண்ணீர்,
குழாய் முனையை விரலால் நெரித்து
இலையின் அடிவயிற்றில்.
பாங்கு சொல்லும்போது மூன்று வரிசை முடிந்திருந்தது.
சட்டை பிழிந்தால் சேறு.

அது இலை. மொட்டு வேறு கதை.
காம்பருகே கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தால்
உள்ளே ஈயின் குஞ்சு.
ஓட்டை இருந்தால் புழு,
பக்கத்து மொட்டையும் நூலால் இழுத்துக் கட்டி
வீட்டை விரித்துக்கொண்டிருக்கும்.
உள்ளே இருப்பதை மருந்து எட்டாது.
கிள்ளினோம்.
கறுப்புப் பை, வாயில் இறுக்க முடிச்சு,
தகரக் கூரைமேல் இரண்டு நாள்.
இந்த நர்சரியில் சம்பளம் கேட்காத
ஒரே ஆள் வெயில்தான்.
மூன்றாம் நாள் பிரித்தபோது
பூவாசம் இல்லை, வெந்த கீரை.

புதன் மாலை அபூ ஜாஃபர் வந்தார்.
நாளை முஹர்ரக்கில் கல்யாணம், நாலு கிலோ மொட்டு.
கையில் ஒரு புட்டி, லேபிள் சுரண்டியிருந்தது.
மச்சான் தந்தாராம், ஒரே அடியில் எல்லாம் காலியாம்.
அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்?
என் அரபியில் ‘எத்தனை நாள்’ உண்டு,
‘பறிக்கலாம்’ இல்லை.
புட்டியைக் காட்டினேன். மொட்டைக் காட்டினேன்.
கழுத்தில் இல்லாத மாலையைத் தூக்கி
ஆழமாக முகர்ந்து காட்டினேன்.
ஷஹீதுல் சிரித்துவிட்டான்.
அபூ ஜாஃபர் சிரிக்கவில்லை.
புட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு
காரைக் கிளப்பினார்.

தெளிப்புக் குறிப்பேட்டில், மருந்து: இல்லை.
அளவு: இல்லை.
அடித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்,
காலியாக விட்டால் சூப்பர்வைசர் பென்னி கேள்வி கேட்பார்.

வியாழன் தேறியது இரண்டே கால் கிலோ.
மீதியை எங்கே வாங்கினாரோ.
பிடித்தம் உண்டா என்பது
மாசக் கடைசியில் தெரியும்.

இன்று மறுபடி அதே பில்,
மூன்று தட்டு.
போன வாரம் பத்தொன்பது.
இன்று ஏழு.
எட்டாவதாக ஒன்று,
வெளிறிய உடம்பு, பொறுமையில்லாத கால்கள்,
சிவப்பு ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடியது.
இதை யாரும் வாங்கவில்லை, யாரும் அனுப்பவில்லை.
ஜன்னல் புட்டி திறந்திருந்தால்
முதலில் செத்திருக்கும்.

கட்டைவிரலை எடுத்துக்கொண்டேன்.
தாளை மெல்லச் சாய்த்து
அதை இலையிலேயே இறக்கிவிட்டேன்.