சிலர்

வார்னா துறைமுக மருத்துவமனையின்
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
இரவுப் பணிக்கு இரண்டே பேர்:
நானும் ஸ்த்ராவ்காவும்.

சுழல் எந்திரத்தின்மேல் மஞ்சள் சீட்டு:
"சிலர் மூடியைத் துடைப்பதே இல்லை."

சிலர்.
ஒற்றை ஆளைப் பன்மையாக்கிய
அவள் இலக்கணத்தை மெச்சியபடி துடைத்தேன்.

நான் ஒட்டிய லேபிள்களை
உரித்து, நேராக்கி, மறுபடி ஒட்டுவாள்.
தப்பா என்று கேட்டால்
"சேச்சே, அது என் பழக்கம்."
நானும் லேசுப்பட்டவன் இல்லை.
அவள் காப்பிக்குப் போனதும்
நாற்காலியை நாலு விரற்கடை இறக்கிவைப்பேன்.

விடிகாலை மூன்று மணி.
குழாய்கள் சுற்றி ஓயும்
ஆறு நிமிடத்துக்குள் கேட்டேன்:
"நான் என்ன செய்தேன்?"

"ஒன்றுமில்லையே."
எந்திரம் நின்றது.
அவள் திறக்கவில்லை.
"மார்ச் எட்டு. லீவு மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள்."

சொல்லியிருந்தேன்.

"அம்மா இரவு வரை
கேக்கை வெட்டாமல் வைத்திருந்தாள்."

மன்னிப்பு கேட்டேனா, நினைவில்லை.
குழாய்களை எடுத்து அடுக்கினோம்.
அன்று லேபிள்கள் கோணலாகவே போயின.

வியாழக்கிழமை புதுச் சீட்டு:
"ஓக்னியன், மூடியைத் துடை."

பெயர் சொல்லி.
ஒருமையில்.

கிழிக்க மனமில்லாமல்
பையில் வைத்திருக்கிறேன்.
மூடியைத்தான்
இன்னும் துடைக்கவில்லை.