அறுகால்

குழித்துறை கோர்ட்டுக்கு எதிர்மாடியில்
வக்கீல் ஷோபனகுமார்
என் பிரமாணப் பத்திரத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.
'மேலே அச்சிட்டுள்ள இதே குறியை
இரண்டாயிரத்துப் பதினொன்று முதல்
இடைவிடாமல் பயன்படுத்தி வருகிறேன்.'
கீழே நான்: வில்லியம் மகள் ஸ்நேகலதா, தேன் வியாபாரம்.
அதற்கும் கீழே ஒரு வெறும் கோடு.

மேலே அச்சிட்டுள்ள இதே குறி
ஒரு தேனீ.
ஆறு கால். மீசை இரண்டு. இறகில் நரம்பு.
கொச்சியில் படிக்கிற கொழுந்தன் மகன்
ஒரே ராத்திரியில் கம்ப்யூட்டரில் வரைந்தது.
சென்னைக்குப் போகிற படம், லட்சணமாய் இருக்கட்டுமென்று
காலடியில் ஒரு தாமரையும் வைத்தான்.
'அறுகால்' என்ற பேர் மட்டும் என்னுடையது,
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சொல்.

ஆதாரம் எங்கே என்றார்.
மேசைமேல் பரப்பினேன்.

குப்பி லேபிள்: நாலு கால்.
இத்தனை சின்னதில் கோடு நிற்காது என்று
சிவகாசிக்காரர் இரண்டை எடுத்துவிட்டார்.
வேன் கதவின் போட்டோ: அதிலும் நாலு.
ஆனால் முகம் வலப்பக்கம்.
'இல்லேன்னா வண்டி முன்னே போகும்,
ஈ பின்னே பறக்கும், கேட்டியளா'
என்று பெயிண்டர் மரியசிலுவை செய்தது.
பில் புத்தகத்தில் ரப்பர் ஸ்டாம்பு.
தேய்ந்துபோய்
ஈயா பலாக்கொட்டையா தெரியவில்லை.

தாமரை எதிலும் இல்லை.
எப்படி இருக்கும்?
மாசியில் ரப்பர் துளிர்க்கும்போது
இலைக்காம்பின் நுனியில் கசியுமே,
திருவட்டாறு தோட்டமெல்லாம் அலைந்து
அதைத்தான் கொண்டுவருகிறது எங்கள் ஈ.
குளத்துக்குப் போக அதற்கு ஏது நேரம்.

'இதில் எதும்மா உங்க குறி?'
'எல்லாம்தான்.'
'எல்லாம்னு பாரத்தில் ஒரு கட்டம் கிடையாது.'

பையின் அடியிலிருந்து கடைசிக் குப்பியை எடுத்தேன்.
களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில்
நூற்றிருபது ரூபாய் கொடுத்து வாங்கினது.
உள்ளே வெல்லப்பாகு.
வெளியே என் பேர்.
ஈக்கு ஆறு கால். மீசை இரண்டு. இறகில் நரம்பு.
தாமரை.

விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
மயிரிழை பிசகவில்லை.
'அனுப்பின விண்ணப்பத்தை இணையத்தில் யாரும் பார்க்கலாம்' என்றார்,
பார்த்தவன் தானே என்பதுபோல் தலைகுனிந்து.
இந்த உலகத்தில் ஒருத்தன் மட்டும்தான்
என் விண்ணப்பத்துக்கு உண்மையாய் நடந்திருக்கிறான்.

மின்விசிறி சுற்றியது.
தட்டச்சை நிறுத்தாமல் பாக்கியசீலி சொன்னாள்,
அவள் எம்.ஏ. தமிழ்:
'ஆறு காலுன்னே ஏன்க்கா எடுக்கணும்?
வினைத்தொகையா எடுங்க.
அற்ற கால், அறுகிற கால், இனி அறும் கால்.
முக்காலத்துக்கும் கால் குறையும்.'
வக்கீல் சிரித்தார்.
எனக்கு மேல்புறம் கடை ஞாபகம் வந்தது.
அங்கே யாரும் அறுகால் என்று கேட்பதில்லை,
'அந்த நொண்டி ஈ தேன் ஒண்ணு' என்பார்கள்.
வெல்லப்பாகுக்காரனிடம்
ஒருவரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

வெறும் கோட்டை வெறும் கோடாகவே விட்டுவிட்டு
பத்திரத்தை நாலாய்க் கிழித்தேன்.
புது விண்ணப்பம். மறுபடி நாலாயிரத்தைந்நூறு.
வரிசையில் மறுபடி கடைசி.

குப்பியிலிருந்து லேபிளை உரித்தோம்,
ஓரமெல்லாம் பிசுபிசுப்பு.
ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கப் போகையில்
வாசம் பிடித்து ஒரு எறும்பு ஏறிவந்து
ஈயின் வயிற்றுக்குக் கீழே நின்றது.
குனிந்து எண்ணினேன்.
ஆறு.

ஊதிவிட்டேன்.