கிணற்றின் நம்பர்

நீர்வேலிச் சந்தியில் நூறு ரூபாய்க்கு
ரீலோட் கேட்டேன்.
"ஆரின்ர நம்பர்?" என்றான் சுகிர்தன்.
"கிணத்தின்ர."
அவன் சிரிக்கவில்லை.
"போன கிழமை ஒரு மாட்டுக்கும் போட்டனான்."

செல்வரதியின் கிணறு அது.
விரல் மொத்தத்தில் ஓர் உணரி
தண்ணீருக்குள் தொங்குகிறது.
கிணற்றுக்கட்டில் ஒரு சிம், ஒரு பற்றரி,
காகம் எச்சமிடும் சின்னச் சூரியத் தகடு.
கால் மணிக்கொருமுறை எழுதும்:
ஆழம் இவ்வளவு, உப்பு இவ்வளவு.
சுகம் விசாரிக்காத கடிதம்.

கமக்காரர் கூட்டத்தில் இதை விளக்க
புரொஜெக்டர் கொண்டு போயிருந்தேன். கரண்ட் இல்லை.
வெறும் வாயால் சொன்னேன்:
பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று
நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறோமே,
அந்தக் கையை அங்கேயே விட்டுவிட்டு
வேலைக்குப் போக முடிந்தால்?
ஊர்காவற்துறையில் தடுப்பூசிப் பெட்டிக்கு
அப்படி ஒரு கை இருக்கிறது.
ஒருநாள் குளிர் குறைய, நடுச்சாமத்தில்
தாதியின் போன் அலறியது. மருந்து தப்பியது.

பின்வரிசையிலிருந்து செல்வரதி கேட்டாள்:
"அது பொய் சொல்லுமோ?"
"பற்றரி இறங்கினா உளறும்."
"மனிசரை விடப் பரவாயில்லை" என்று
கையெழுத்து வைத்தாள்.

மாசி. வெங்காயம் குமிழ் வைக்கிற நேரம்.
இரவு ஒன்று நாற்பதுக்குப் பிறகு
அவள் கிணற்றின் கோடு சரியத் தொடங்கும்.
அந்நேரம் யாரும் இறைக்காத கிணறு.
நாலு மணி வரை சரியும்; உப்பு ஏறும்.
ஐந்து இரவு, ஒரே நேரம்.
கள்ளனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

நிலாவரையில் போட்ட தேசிக்காய்
கீரிமலையில் மிதக்கும் என்பார்கள்.
நான் போட்டுப் பார்த்ததில்லை.
ஆனால் இந்தச் சுண்ணக்கல்லுக்குள்
எங்கள் கிணறுகள் எப்போதோ
ஒன்றுக்கொன்று இணைப்பு எடுத்துவிட்டன.
நான் சிம் மட்டும்தான் போட்டேன்.

மேற்கு வேலிக்கு அப்பால் தவபாலசிங்கம்
எல்லோரிடமும் சொல்வார்:
"மோட்டரை மகன் பாரிசில இருந்து போடுறான்.
நான் நித்திரை முழிக்கிறேல்லை."
உண்மைதான். அங்கே அப்போது ஒன்பது பத்து.
உணவகச் சமையலறையில்
கேதாரனுக்குப் பத்து நிமிட ஓய்வு.
அப்பாவின் வெங்காயத்துக்கு விரலால் ஒரு தட்டு,
பிறகு போன் லொக்கருக்குள்.
வேலை முடிந்து அதை எடுக்கும்போது
இங்கே நாலு மணி.

அன்புதான்.
இரண்டு மணி இருபது நிமிடம் இறைத்த அன்பு.

யாரிடம் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன்.
வேலிச் சண்டைக்கு இங்கே விதை தேவையில்லை.
கடைசியில் செல்வரதிக்கே காட்டினேன்.
கோட்டைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள்.
"பெடியனோட அதையே கதைக்கச் சொல்லு"
என்று கிணற்றைக் காட்டினாள்.

தகவல் போகும் பட்டியலில்
+33 இல் தொடங்கும் ஒரு நம்பரைச் சேர்த்தேன்.

அன்றிரவு நானும் விழித்திருந்தேன்.
1:45. கோடு சரிகிறது.
2:00. சரிவு நின்றுவிட்டது.
போன் இன்னும் லொக்கருக்குள் போகவில்லைப் போலும்.
2:04க்கு, கிணற்றின் நம்பருக்கு
முதல் முறையாக ஒரு மனிதனிடமிருந்து செய்தி:

"இது ஆரின்ர கிணறு?"